மங்களத்துக்கு வராதவர்கள்

மரியநாயகி சந்தையில் மீன் வாங்கத் தொடங்கி இரண்டு வருஷமாகிவிட்டது.

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு வேலி மட்டுமே இருக்கிற குறிச்சி அது. அங்கே பிறந்து வளர்ந்த ஒருத்தி கரம்பொன்னைக் கடந்து ஊர்காவற்றுறைச் சந்தைக்கு நடந்துபோய் மீன் வாங்கி வருவதைவிட வெட்கக்கேடு வேறில்லை. தோணி இல்லாத வீட்டுக்கும், புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள் வீட்டுக்கும், கரைக்கு வருகிற தோணிக்காரர் ஒரு கறிக்குக் காணுமான மீனை வாசற் படலையடியில் போட்டுவிட்டுப் போவது அந்த ஊர் வழக்கம். யாரும் கேட்டு வாங்குவதில்லை, கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவதும் இல்லை. மரியநாயகியின் படலையடியில் இரண்டு வருஷமாக ஒரு சூடைமீன்கூட விழவில்லை. பூனை மட்டும் பழக்கதோஷத்தில் விடியற்காலையில் அங்கே போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரும்.

காரணம் அவளுடைய மகன் இராசநாயகம். அவன் இலங்கைக் கடற்படையில் இருந்தான்.

கடற்படையில் இருந்தது குற்றமில்லை. அவன் சேர்ந்த காலத்தில் ஊருக்கே பெருமைதான். முதல் லீவில் வெள்ளை உடுப்போடு வந்து இறங்கியபோது, அவனோடு ஒட்டிப்பிறந்தவன் போலத் திரிந்த பஸ்ரியாம்பிள்ளை அந்தத் தொப்பியைப் பறித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு கோயில் வீதியைச் சுற்றி வந்தான். பார்க்கிறவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

குற்றம் நடந்தது அறுபத்திரண்டாம் ஆண்டு மாசி மாதம், ஒரு காலை நேரம். கடவுச்சீட்டு இல்லாமல் இந்தியாவிலிருந்து வருகிறவர்களைப் பிடிக்க அந்தக் கடலில் கடற்படை ரோந்து திரிந்த காலம். நெடுந்தீவுக்கு அப்பால் ஒரு தோணி பாயை விரித்துக்கொண்டு ஆழமில்லாத பரவைக்கடலை நோக்கி ஓடியது. முழங்காலளவு தண்ணீருக்குள் தோணி போய்விட்டால் இராசநாயகம் நின்ற ரோந்துக் கப்பல் பின்னால் போக ஏலாது, தரை தட்டிவிடும். அதிகாரி இராசநாயகத்தைப் பார்த்து, உன் பாஷையில் கூப்பிடு என்றார். வெயில் கண்ணில் அடித்தது. யாருடைய தோணி என்று அவனுக்குத் தெரியவில்லை. கைகளை வாயருகே குவித்துக் கத்தினான்.

"பாயை இறக்குங்கோ! பயப்பிடாதையுங்கோ, பாயை இறக்குங்கோ!"

தோணிக்குள் இருந்தவள் பஸ்ரியாம்பிள்ளையின் அக்கா செபஸ்தியம்மா. பாம்பனில் கட்டிக்கொடுத்து, புருஷனைப் பறிகொடுத்து, மடியில் ஒரு குழந்தையோடு, சாகக்கிடந்த தாயைப் பார்க்க வந்துகொண்டிருந்தாள். காகிதங்கள் சரிவரும்வரை தாயின் உயிர் தாங்காது என்று தம்பியே போய் ஏற்றி வந்தான். குரலைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டதாம்.

"உது எங்கடை இராசன்ரை குரலெல்லோ! இறக்கடா தம்பி பாயை. எங்கடை பெடியன் நிக்கேக்கை பிறகென்ன பயம்?"

பஸ்ரியாம்பிள்ளை பாயை இறக்கினான். கப்பல் கிட்ட வந்தபோது அவள் கையசைத்துச் சிரித்தாள். "இராசன், அம்மாவுக்கு இப்ப எப்பிடியடா கிடக்கு?" என்று கேட்டாள். இராசநாயகம் தோணியிலிருந்து எறிந்த கயிற்றைப் பிடித்துக் கட்டினான்.

பிறகு எல்லாம் சட்டப்படி நடந்தன. செபஸ்தியம்மாவைத் தலைமன்னாரில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். தோணி பறிபோனது. பஸ்ரியாம்பிள்ளை ஆறு மாதம் மறியலில் அடைபட்டுக் கிடந்தான். பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும் இல்லாமல் தாய் அடக்கமானாள்.

ஊரில் ஒருவரும் இராசநாயகத்தை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் அவனும் இரண்டு சொல் திருப்பிச் சொல்லி ஆறியிருப்பான். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். லீவில் வந்தால் படலைகள் மூடியிருந்தன. "சொன்ன வேலையைத்தானேயம்மா நான் செய்தனான்" என்று தாயிடம் ஒருநாள் வெடித்தான். மரியநாயகி சந்தை மீனைச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ஓம், செய்தனிதான். பாயை இறக்கச் சொன்னவங்கள், நீ சொன்னாய். பயப்பிடாதையுங்கோ எண்டு சொல்லச் சொல்லி உனக்கு ஆர் சொன்னது?"

 அந்தச் சொல்லை ஒருவரும் சொல்லச் சொல்லவில்லை. நல்ல மனத்தோடு தானாகச் சேர்த்துக்கொண்டது அது.

இந்த நிலையில்தான் யாக்கோப்பு அண்ணாவியாருக்குப் புனிதர்கள் அலுத்துப்போனார்கள். ஊரில் கூத்து எழுதுகிறவரும் பழக்குகிறவரும் அவர்தான். வருஷா வருஷம் திருநாளுக்கு யாராவது ஒரு வேதசாட்சியை அதே தகர வாளால் வெட்டி வெட்டி அவருக்கே கை ஓய்ந்துபோயிற்று. அந்த நேரம் பார்த்துக் கரம்பொன் தில்லைநாதன் மாஸ்ரர், தேத்தண்ணிக் கடையில் வைத்து, தான் ஆங்கிலத்தில் வாசித்த ஒரு கதையைச் சொன்னார். அமெரிக்காவின் தெற்கு மூலையில் புளோரிடா என்று ஓர் இடம். அங்கே செமினோல் என்கிற குடிகள். நூறு வருஷத்துக்கு மேல் முந்தி, நிலத்தை விட்டு மேற்கே போங்கள் என்று அரசாங்கம் அவர்களுக்குச் சொன்னது. அவர்கள் மாட்டோம் என்றார்கள். சண்டை மூண்டது. குடிகள் பெண்டு பிள்ளைகளோடு புல்லும் தண்ணீருமாய்க் கிடக்கிற சதுப்புக்குள் போய்விட்டார்கள். முழங்காலளவு தண்ணீர், நடுவே சின்னச் சின்னத் திட்டுகள். தரைப்படையால் முடியாமல் கடற்படையைக் கூப்பிட்டார்கள். பெரிய கப்பல் போகாத இடம் என்பதால், கடற்படைக்காரர் தட்டையான வள்ளங்களில் ஏறிக் கம்பு ஊன்றிப் போய்த் தேடினார்கள்.

"எங்கடை பரவைக்கடல்தானே அது!" என்று அண்ணாவியார் எழும்பி நின்றுவிட்டார். தேத்தண்ணி ஆறிப்போனது.

"கடைசியிலை ஆர் வெண்டது?" என்று கேட்டார்.

"கனபேரைப் பிடிச்சு மேற்கை அனுப்பிப்போட்டாங்கள். ஆனால் சில நூறு பேர் சதுப்புக்குள்ளையே இருந்திட்டினம். அவை வெளியிலை வரேல்லை, ஒப்பந்தத்திலை கையெழுத்து வைக்கவுமில்லை. தேடினவங்கள் களைச்சுப்போய்த் திரும்பிவிட்டாங்கள்."

அண்ணாவியாரின் முகம் சுருங்கியது. "அதென்ன முடிவு மாஸ்ரர்? வெளியிலை வராட்டி மங்களம் என்னண்டு பாடுறது?"

அது வீண் கேள்வியில்லை. கொன்றவன், செத்தவன், ராசா, சேவகன் எல்லோரும் கடைசியில் அரங்குக்கு வந்து, இரண்டு பக்கமாக நின்று, ஒரு பக்கம் கொடுக்க மறுபக்கம் எடுத்துப் பாடினால்தான் கூத்து நிறைவேறும். அதோடு அந்த ஊரில் இன்னொரு கட்டும் இருந்தது. ஒன்றாக மங்களம் பாடினவர்கள் அதன்பிறகு பகை வைத்திருக்கக்கூடாது. எல்லை வேலிக்கு வெட்டுப்பட்டவர்கள்கூட மங்களம் பாடிவிட்டுக் கட்டிப்பிடித்து அழுததை ஊர் கண்டிருக்கிறது.

பங்குச் சுவாமியார் கதையைக் கேட்டுவிட்டு, இதிலே புனிதர் யார் என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றார் அண்ணாவியார். வானதூதரான சம்மனசாவது வரவேண்டும் என்று சுவாமியார் உத்தரவிட்டார். அப்படித்தான் புளோரிடாவின் சதுப்புநிலத்துக்குத் ஊர்த் தையற்காரர் சம்மனசு வேஷத்தில் கடதாசிச் செட்டைகளோடு பறந்துவரும்படி ஆயிற்று.

நடிக்கிறவனுக்குரிய பாட்டை எழுதிய ஏட்டுக்குச் சட்டம் என்று பெயர். கோயில் வாசலில் வைத்து அண்ணாவியார் கொடுக்கும் சட்டத்தை மறுப்பது தெய்வக்குற்றம். செமினோல் ராசனின் சட்டம் பஸ்ரியாம்பிள்ளைக்குப் போனது. அவனுக்கு இருந்த குரல் தீவுப்பகுதியில் வேறு ஒருவருக்கும் இல்லை. கடற்படைக் கப்பித்தானின் சட்டத்தை வைத்துக்கொண்டு அண்ணாவியார் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் லீவில் வந்து ஒதுங்கி நின்ற இராசநாயகத்திடம் நீட்டினார்.

கூட்டத்தில் ஒரு மூச்சு இழுபட்டது. பஸ்ரியாம்பிள்ளை நிலத்தைப் பார்த்தபடி நின்றான்.

இராசநாயகம் அதை உடனே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். பயத்தினால் அல்ல, ஆசையினால். மங்களம் அவனுடைய கண்ணுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஒரு பக்கம் தான், எதிர்ப்பக்கம் பஸ்ரியாம்பிள்ளை. தான் கொடுக்கிற அடியை அவன் எடுத்துப் பாடவேண்டும். பாடிவிட்டால் பகை முடிந்தது. பிறகு அவன் வாய் திறந்து, "டேய் இராசன்" என்று ஒருதரம் கூப்பிட்டால் போதும். அம்மாவின் படலையடியில் மீன் விழும். அதற்கு மேல் ஒன்றும் அவனுக்கு வேண்டாம்.

இரண்டு கிழமைக்கு ஒருதரம் லீவு கெஞ்சி எடுத்துப் பழக வந்தான். பஸ்ரியாம்பிள்ளை அவனோடு பாட்டில் மட்டும் பேசினான். பாட்டு முடிந்த கையோடு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அப்பால் போய்விடுவான். கதையில் வெள்ளைக்கொடிக் கட்டம் ஒன்று இருந்தது. சமாதானம் பேசுவோம் என்று சொல்லி, வெள்ளைத் துணியை நம்பி வந்த தலைவனைப் பிடித்துக் கட்டிவிட்டார்கள். மாஸ்ரரின் புத்தகத்தில் அதைச் செய்தவர்கள் தரைப்படைக்காரர். அண்ணாவியாருக்கு அந்த நுணுக்கமெல்லாம் தேவைப்படவில்லை, கப்பித்தானின் தலையிலேயே கட்டிவிட்டார். அவர் எழுதியிருந்த அடியை முதல்முதல் வாசித்தபோது இராசநாயகம் பாதியில் நிறுத்திவிட்டான்.

*அஞ்சாமல் வாருமையா ராசனே – உமக்கு*
*ஆபத்து வாராது ராசனே*

"அண்ணாவியார், இந்தச் சொல்லை மாத்தேலாதோ?"

"எந்தச் சொல்லை?"

"அஞ்சாமல் எண்டதை."

அண்ணாவியார் மத்தளத்தின் வாரை இறுக்கிக்கொண்டே இருந்தார். "கொடியைக் காட்டினவன் அப்பிடித்தான் கூப்பிட்டிருப்பான். பயப்பிடு எண்டு சொல்லி ஆரும் ஆரையும் கூப்பிடுறேல்லை. மாத்தேலாது."

வேண்டுமென்றே எழுதினாரா, தற்செயலாக வந்ததா என்று அவருடைய முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. கட்டுகிற இடம் வந்தபோது பஸ்ரியாம்பிள்ளை கைகளை நீட்டினான். இராசநாயகம் கயிற்றைத் தளர்வாகச் சுற்றினான்.

"இறுக்கிக் கட்டும்" என்றான் பஸ்ரியாம்பிள்ளை.

இரண்டு வருஷத்தில் அவன் பேசிய முதற் பேச்சு அதுதான். அடா என்று கூப்பிட்ட வாய், அந்நியனுக்குக் கொடுக்கிற மரியாதையைக் கொடுத்தது. இராசநாயகம் இறுக்கிக் கட்டினான். வீட்டுக்குப் போய்க் கிணற்றடியில் தனியே நின்று அழுதான்.

திருநாளன்று வேலணை, மண்டைதீவு, அல்லைப்பிட்டி என்று நாலா பக்கமிருந்தும் சனம் பாயோடு வந்து இடம் பிடித்தது. கப்பித்தானுக்கு, பழைய கூத்தில் ஏரோது ராசனுக்குத் தைத்த சிவப்பு வெல்வெற் சட்டை. தொப்பி மட்டும் இராசநாயகத்தின் சொந்தத் தொப்பி. செமினோல் குடிகளுக்குக் கரிபூசிக் கோழிச்செட்டை குத்தியிருந்தார்கள். எந்த ஊர்க் கோழியெல்லாம் மொட்டையாகத் திரிகிறதோ என்று சனம் சிரித்தது. வள்ளத்தில் தேடிப்போகிற ஆட்டத்துக்குக் கப்பற்காரர் கம்புகளை ஊன்றி ஊன்றி ஆடியபோது பலகை மேடை முறிந்துவிடும் போலிருந்தது.

வெள்ளைக்கொடி வந்தது. இராசநாயகம் முன்னே வந்து, துணியை உயர்த்தி, பாடினான். அஞ்சாமல் வாருமையா.

சிரித்துக்கொண்டிருந்த சனம் அப்படியே அடங்கிப்போயிற்று. எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது, தாய் அதன் வாயைப் பொத்தினாள். அந்த ஊருக்கு அப்போது புளோரிடா மறந்துபோய்விட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் தன்னையறியாமல் கத்தினாள்.

"போகாதை ராசா! உவங்களை நம்பாதை!"

பஸ்ரியாம்பிள்ளை அவள் பக்கம் பார்க்கவில்லை. துணியைப் பார்த்தபடி நேரே நடந்து வந்து கைகளை நீட்டினான். இராசநாயகம் கட்டினான்.  சின்ன வயதில் நீந்தப் பழகும்போது அந்தக் கைகளைப் பிடித்துத்தான் அவன் முதல்முதல் ஆழத்துக்குப் போனவன்.

கதை ஓடியது. ராசன் சிறையை உடைத்துத் தப்பினான். மிஞ்சிய குடிகளைக் கூட்டிக்கொண்டு சதுப்புக்குள் மறைந்தான். கப்பித்தான் தேடித் தேடி அலுத்தான். சம்மனசு வந்து இரண்டு விருத்தம் பாடி எல்லோரையும் ஆசீர்வதித்தார். கிழக்கு வெளுத்து, பனைகளின் தலை தெரியத் தொடங்கிய நேரத்தில் அண்ணாவியார் மத்தளத்தில் மங்களத்துக்கு மூன்று தட்டுத் தட்டினார்.

கப்பற்காரர் ஒரு பக்கமாக வந்து நின்றார்கள். இராசநாயகம் முன்னால் நின்றான்.  நடுவில் செட்டையோடு தையற்காரர் நின்றார். எதிர்ப்பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

அண்ணாவியார் திரும்பவும் தட்டினார். திரை அசையவில்லை. ஒரு பெடியன் உள்ளே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, கையை விரித்தான். பின்வேலியைக் கடந்து, கோழிச்செட்டையோடும் கரியோடும் அத்தனை பேரும் கடற்கரைப் பக்கம் போய்விட்டிருந்தார்கள்.

"என்ன காணும் இது?" என்று சுவாமியார் கதிரையிலிருந்து எழும்பினார்.

அண்ணாவியாரின் முகம் வெளிறியிருந்தது. அவருக்கும் தெரியாது என்பதை இராசநாயகம் அப்போதுதான் கண்டான். "கதையிலை அவை வெளியிலை வரேல்லைத்தான்" என்று அவர் முணுமுணுத்தார். பிறகு தடுமாறிய குரலில், "நீர் பாடும். அடியைக் கொடும்" என்றார்.

இராசநாயகம் கொடுத்தான்.

*கரையேறி நின்றோர்க்கு மங்களம்.*

மத்தளம் பதிலடிக்குரிய தாளத்தை வாசித்தது. தாளம் மட்டும் போய் முடிந்தது. ஒருவரும் எடுத்துப் பாடவில்லை. அவன் மறுபடியும் கொடுத்தான். மறுபடியும் தாளம் தனியே போய் வந்தது. பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எடுத்துப் பாடாத மங்களம் ஊருக்கு ஆகாது என்று யாரோ சொல்ல, தலைகள் ஒவ்வொன்றாக மரியநாயகி இருந்த பக்கம் திரும்பின. அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு மகனையே பார்த்தபடி இருந்தாள்.

எதிர்ப்பக்கம் போய்த் தானே எடுத்துப் பாடிவிடலாமா என்று அவனுக்கு ஒரு எண்ணம் வந்தது. காலைக்கூடத் தூக்கிவிட்டான். பிறகு வைத்துவிட்டான். வெறுமையாகக் கிடந்தாலும் அது அவனுடைய இடமில்லை. அங்கே நிற்கவேண்டியவர்களை நிற்க ஏலாமல் பண்ணினவன் அவன். அவர்கள் வந்து தன்னை மன்னித்துவிட்டுப் போகவேண்டும் என்று இத்தனை நாளும் தான் காத்திருந்ததை நினைக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கும் தோணியைத் தன்னிடம் வரச்சொன்னான். இன்றைக்கும் அதையேதான் கேட்டுக்கொண்டு நிற்கிறான்.

கடற்கரைப் பக்கம் திரும்பினான். கைகளை வாயருகே குவித்தான். பாட்டாக அல்ல, கப்பலில் நின்று கத்தினானே, அந்தக் குரலில் கத்தினான்.

"பாயை இறக்காதையுங்கோ! அக்கா, நிக்காதையுங்கோ, போங்கோ! தண்ணி குறைஞ்ச பக்கத்தாலை போங்கோ! உங்கடை அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறா, போங்கோ அக்கா!"

குரல் வேலியைத் தாண்டி, பனைகளைத் தாண்டி, கடல்வரை போயிற்று. கடைசிச் சொல்லில் உடைந்துபோயிற்று. மேடையில் நின்ற கப்பற்காரர் தலையைக் குனிந்துகொண்டார்கள். தையற்காரருக்குச் செட்டை ஒரு பக்கம் கழன்று தொங்கியது, அவர் அதைக் கவனிக்கவில்லை. சனத்தில் ஒருவரும் அசையவில்லை. தொப்பியோடு, ஏரோதுவின் சட்டையோடு, இராசநாயகம் கைகளைக் கீழே போட்டுவிட்டு வெறுமனே நின்றான். இனி ஒன்றும் கேட்க அவனுக்கு வாய் இல்லை.

அண்ணாவியார் என்ன நினைத்தாரோ, மத்தளத்தை இழுத்து மெல்லப் பதிலடியின் தாளத்தை வாசித்தார்.

அப்போது கடற்கரையிலிருந்து அந்தக் குரல் வந்தது. தீவுப்பகுதியில் வேறு ஒருவருக்கும் இல்லாத குரல். காற்றோடு வந்ததால் முதற் சொல் சரியாகக் கேட்கவில்லை. பிறகு தெளிவாகக் கேட்டது.

*கடல் மேலே போனோர்க்கும் மங்களம்.*

மற்றவர்களும் அவனோடு சேர்ந்து எடுத்தார்கள். இராசநாயகம் அடுத்த அடியைக் கொடுத்தான், அவர்கள் அங்கிருந்தே எடுத்தார்கள். வெயில் பனைவடலிக்குள் விழும்வரை அப்படியே பாடி மங்களத்தை நிறைவேற்றினார்கள். பஸ்ரியாம்பிள்ளை கடைசிவரை கடற்கரையிலிருந்து வெளியே வரவில்லை. இராசநாயகமும் அவனைத் தேடிப் போகவில்லை.